பதினாறாவது 'போ'

டப்பிங் அறையின் திரையில் மீசை வைத்த இளம் இன்ஸ்பெக்டர் தன் காதலனின் கைவிலங்கைக் கழற்றுகிறார். மணிக்கட்டில் பதிந்த சிவப்புத் தடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, "போ" என்கிறார். அந்த ஒற்றைச் சொல்லைப் பதினைந்து முறை பேசிவிட்ட நரைத்த தலை டப்பிங் கலைஞர், ஆறிப்போன வெந்நீரை ஒரு வாய் விழுங்குகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநரின் குரல் ஹெட்போனில் கேட்கிறது. "பயம் வரணும் சார். விஷயம் வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னுதான் விடுறான்." "பயந்தவன் கையைத் தடவிக் குடுப்பானா?" என்கிறார் கலைஞர். "அப்புறம் எதுக்குத்தான் விடுறான்?" கலைஞர் மைக்கைப் பார்த்தபடியே சொல்கிறார்: "முப்பது வருஷமா வேற யாரோ மாதிரி நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு சார். அவனாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்." படத்தில் இன்ஸ்பெக்டருக்கு வயதே இருபத்தெட்டு. இயக்குநர் காட்சியை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோகிறார். பிறகு மெதுவாக, "இதே குரல்ல 'போ'ன்னு சொல்லுங்க சார்" என்கிறார்.