கரடி வாங்கப் போன பாய்லர்

கரடி வீட்டு பாய்லரின் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. குட்டி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்ட முடியாது. வேறு பாய்லர் வாங்கக் கீரியின் கடைக்குப் போனது கரடி.

"இது கரண்ட் குறைவாக இழுக்கும் அண்ணே. அது உப்புத் தண்ணீரைத் தாங்கும். அந்த மூலையில் இருப்பதற்கு ஏழு வருஷ வாரண்டி," என்றது கீரி.

"மூன்றும் சேர்ந்த மாதிரி ஒன்று இல்லையா?"

"இருந்தால் மற்றதை யார் வாங்குவார்கள்?"

கரடி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தது. எல்லாம் ஒரே மாதிரிதான் ஒலித்தன. அதற்குத் தலை சுற்றியது.

"உன் வீட்டில் எதை மாட்டியிருக்கிறாய்?"

கீரி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "பழையது கெட்டு மூன்று மாதம் ஆகிறது. எதை மாட்டுவதென்று எனக்கே பிடிபடவில்லை. பானையில்தான் வெந்நீர் போடுகிறோம்."

கரடி பாய்லரிலிருந்து கையை எடுத்தது.

"அந்தப் பானை எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டது.