சாய்ந்த சாமி

முச்சந்தியில் சப்பரத்தை நிறுத்தித் தீபாராதனை காட்டும் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் ஊரே படமாகக் கேட்கும். ஸ்டுடியோ வைத்திருந்த சங்கரபாண்டியால் அதை மட்டும் எடுக்க முடியாது. மணி அடித்ததுமே கைகள் தானாகக் குவிந்துவிடும், கண்ணும் மூடிக்கொள்ளும். கல்யாணமான வருஷமே உலகம்மாள் இதைக் கண்டுகொண்டாள். "நீங்க கும்பிடுங்க, நான் அமுக்குதேன்" என்று கேமராவை வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து வருஷா வருஷம் அந்தப் படம் அவள் எடுத்ததுதான். எல்லாவற்றிலும் சாமி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். "ஏட்டி, இந்தத் தடவையும் சாச்சுப்புட்டியே!" என்று கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "உனக்குச் சாமி தெரிஞ்சுதா?" என்று கேட்டால், "நல்லாத் தெரிஞ்சுது" என்பாள்.

அவள் போனபிறகு வரும் முதல் திருவிழா. இந்த வருஷம் கும்பிடுவதில்லை, படத்தைத் தானே எடுத்துவிடுவது என்ற வைராக்கியத்தோடு கூட்டத்துக்குள் நின்றார் சங்கரபாண்டி. சப்பரம் வந்து நின்ற நேரம் பார்த்து லென்ஸ் மூடி கைதவறி விழுந்தது. குனிந்து எடுத்தவர் முழுதாக நிமிரவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டார். சரியாக உலகம்மாளின் உயரம். மணி அடித்தது. கண்முன்னே வியர்த்த முதுகுகள். அதற்கு மேலே குவிந்த கைகள், கைகள், கைகள். கற்பூர வாசனை மட்டும் வந்தது. நிமிராமலே கேமராவைத் தலைக்கு மேலே எக்கித் தூக்கி அமுக்கினார். கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அண்ணாச்சி, நிமிந்து பாருங்க, சப்பரம் கெளம்பப் போகுது" என்று பின்னால் நின்றவர் தோளைத் தொட்டார். "சாமி தெரியுதா?"

"நல்லாத் தெரியுது" என்றார் சங்கரபாண்டி.