மோட்டாருக்கும் கிரிவலம்

"இந்த மோட்டார் இடமா சுத்துது இருசப்பா. வலமா சுத்தற மாதிரி மாத்திக் குடு."

ராஜமாணிக்கம் சொன்னதைக் கேட்டு எலக்ட்ரீஷியன் இருசப்பன் முழித்தான்.

"ஏண்ணா? நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஆனா ஊரே மலையை வலமா சுத்துது, என் பட்டறையில மட்டும் இடமா சுத்துது. அதான் யாவாரம் டல்லடிக்குது. ஆசிரமம் பக்கம் ஒரு சாமியார் சொன்னாரு."

அடி அண்ணாமலையில் மணை, பூஜைப் பலகை செய்கிற மரப்பட்டறை ராஜமாணிக்கத்தினுடையது. உப்புத்தாள் ஒட்டிய வட்டத் தட்டு ஒன்று மோட்டாரில் சுற்றும். அதில் பலகையை வைத்து அமுக்கினால் ஓரமெல்லாம் வழவழவென்று ஆகிவிடும். பௌர்ணமி தவறாமல் பட்டறை வாசல் வழியாகத்தான் ஜனம் மலை சுற்றும். ராஜமாணிக்கம் ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை. கேட்டால், "முட்டி வலி" என்பார்.

அப்படிப்பட்டவருக்குத் திடீர் பக்தி!

"அண்ணா, சீலிங் ஃபேன்கூட இடமாத்தான் சுத்துது. அதையும் மாத்தணுமா?"

"அது மேல இருந்து பாத்தா வலம்டா. சாமி மேல இருந்துதானே பாக்குது?"

"அப்ப மோட்டாரைக்கூட பின்பக்கம் நின்னு பாத்தா வலம்தானே?"

"பின்பக்கம் செவுரு. சாமி இன்னா செவுத்துக்குள்ளயா நிக்குது? வேலையைப் பாருடா."

இருசப்பன் மெயினை அணைத்தான். மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிப் போட்டான். அவ்வளவுதான் வேலை. திருப்பிச் சுற்றும்போது தட்டு கழன்று ஓடிவிடக் கூடாதே என்று கூடுதலாக ஒரு நட்டும் போட்டு முறுக்கினான்.

அதற்குள் விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது. "மோட்டாரு கிரிவலம் போவுதாம்!" என்று பத்துப் பேர் டம்ளரோடு வாசலில் கூடிவிட்டார்கள்.

அவர்களைத் தள்ளிக்கொண்டு எல்லம்மாள் வந்தாள். பதினாறு வருஷமாக அந்தத் தட்டில் பலகை தேய்த்தவள். மூன்று மாசத்துக்கு முன்பு குளத்துப் படியில் வழுக்கி, இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் பிடிமானம் வரவில்லை. "சும்மா வந்து உக்காரு, சம்பளம் வாங்கிக்க" என்று ராஜமாணிக்கம் சொன்னதற்கு, "எனக்கு இன்னா பிச்சை போடறீங்களா?" என்று சண்டை பிடித்துவிட்டு வேலையை விட்டே நின்றவள், இன்றைக்குத்தான் வருகிறாள்.

"இன்னா மொதலாளி, புத்தி கித்தி கலங்கிப் போச்சா?"

"நீயும் பாரு எல்லம்மா!" என்று ராஜமாணிக்கம் பெருமையாக சுவிட்சைப் போட்டார்.

தட்டு வலமாகச் சுற்றியது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ராஜமாணிக்கம் ஒரு பலகையை எடுத்து, வழக்கம் போல தட்டின் இடது பக்கத்தில் வைத்து அமுக்கினார். பலகை எகிறிப் போய் சுவர்க் காலண்டரைக் கிழித்தது.

இரண்டாவது பலகை வாசலுக்குப் பறந்து யாருடைய சைக்கிள் பெல்லையோ அடித்தது.

மூன்றாவதிலிருந்து, குனிந்ததால் இருசப்பன் தப்பினான்.

டீக்கடைக் கூட்டம் கை தட்டியது.

எல்லம்மாளால் தாங்க முடியவில்லை. "நகருங்க அந்தாண்ட! இடப்பக்கம் இப்ப மேல தூக்குது, வலப்பக்கம்தான் கீழ அமுத்துது. இதுகூடத் தெரியல, இவரு மொதலாளியாம்!"

தட்டின் வலது பக்கம் போய் நின்றாள். வலது கையாலேயே பலகையை வைத்து அழுத்தினாள். ஸர்ரென்று தூள் பறந்தது. ஓரம் கண்ணாடி மாதிரி வந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் அப்படியே.

"நல்லா இருந்த மோட்டாரைக் கெடுத்து வெச்சிட்டீங்க. இனிமே இதை யாரு பழகி, யாரு ஓட்டறது? நாளையிலேர்ந்து நானே வந்து தொலைக்கறேன்."

"உனக்கு எதுக்கு எல்லம்மா சிரமம்? நானே பழகிக்கறேன்."

"பழகுவீங்க! அதுக்குள்ள நாலு பேரு மண்டை ஒடையும். எட்டரைக்கு வந்துடுவேன்."

விறுவிறுவென்று போய்விட்டாள். கூட்டமும் சிரித்துக்கொண்டே கலைந்தது.

இருசப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணா, ஊரே சிரிக்குது. பழையபடி மாத்திடட்டுமா? ரெண்டு ஒயருதான்."

ராஜமாணிக்கம் பதறிப்போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வாயை மூடுடா! இடமா சுத்தினா இடது கையாலதான் அமுக்கணும். அவளுக்குத் தெம்பா இருக்கறது வலது கை ஒண்ணுதான். அதுக்காக மாத்தினேன்னு தெரிஞ்சா வாசப்படி மிதிக்க மாட்டா. மூணு நாளா மண்டையை ஒடைச்சிக்கிட்டு, இல்லாத சாமியாரையே உண்டாக்கி வெச்சிருக்கேன். கெடுத்துடாத!"