அவள் மனம்விட்டுப் பேசும் ஆள்

கழற்றிய ஒற்றை பூட்ஸைக் கையில் பிடித்தபடி, எலக்ட்ரீஷியன் படுக்கையறைக் கதவோரம் நிற்கிறார். உள்ளே மாலை வெயில் கட்டில்மேல் சாய்ந்து கிடக்கிறது. அவர் மனைவி பாயில் முழங்காலிட்டு, முக்காட்டு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். அதை ஜெபம் என்று யார் சொல்வார்கள்? "நீங்களே பாத்தீங்கல்ல இயேசப்பா, மாடிப்படியில தல சுத்தி உக்காந்துட்டேன். பயமா இருக்கு." மூக்கை உறிஞ்சுகிறாள். மறுநொடியே, "பக்கத்து வீட்டுக்காரி, விசேஷமான்னு கேக்குறா, இந்த வயசுல!" என்று குலுங்கிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு தன் பக்கம் திரும்பி எத்தனை வருஷம் ஆகிறது! அவருக்கு வயிறு எரிகிறது. வேறு எவனாவது என்றால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். இயேசுவை என்ன செய்வது? ஞாயிறுதோறும் இவரைத்தானே அவரும் தொண்டை வறளப் புகழ்ந்து பாடுகிறார். "ஆமென்" சொல்லித் திரும்பியவள் திடுக்கிடுகிறாள். "எப்ப வந்தீங்க?" "இப்பத்தான். உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" "ஒண்ணுமில்லையே. இருங்க, டீ போடறேன்." அவள் சமையலறைக்குப் போனதும், அவளுடைய சூடு ஆறாத பாயில், ஒரு கால் பூட்ஸோடு அவர் மண்டியிடுகிறார். "ஆண்டவரே, எங்கிட்ட சொல்ல மாட்டேங்குறா. அவளுக்கு என்னன்னு நீங்களாவது சொல்லுங்க."