ஜன்னலோரக் கட்டில்

"இவர் என் அண்ணன் மேடம்" என்றாள் அந்தப் பெண். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற லிஃப்ட் மெக்கானிக், அண்ணன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள ரொம்பவே பாடுபட்டான்.

பாவம், அவனுக்குக் கல்யாணமாகி இருபத்துமூன்று நாள்தான் ஆகிறது. கட்டியவள் வாயால் அண்ணன் என்று கேட்க எந்தப் புருஷனுக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் வேறு வழியில்லை. 'மணமாகாத பெண்களுக்கு மட்டும்' என்று அந்த ஹாஸ்டல் வாசலிலேயே கொட்டை எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். இவர்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தால் அந்த நகரத்தில் ஒரு வீட்டின் சமையலறையை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். அதுவும் அடுப்பு வைக்கும் இடத்துக்கு வாடகை தனி.

நாற்பது மாடிக் கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் சரிசெய்கிறவனுக்கு எந்த மாடியிலும் ஓர் அறை கட்டுப்படியாகவில்லை. அதனால் ஆளுக்கொரு ஹாஸ்டலில் ஆளுக்கொரு கட்டில் என்று முடிவானது. அவனுக்குச் சுலபமாகக் கிடைத்துவிட்டது. அவளுக்குத்தான் நான்கு நாளாக அலைச்சல்.

முதல் ஹாஸ்டலில் ஓர் அறையில் பதினாறு பேர். இரண்டாவதில் குளிப்பதற்கு டோக்கன் வாங்க வேண்டும். மூன்றாவது மலிவுதான், ஆனால் ரயிலில் ஒன்றரை மணி நேரம். புருஷன் முகமே மறந்துவிடும்.

நான்காவதான இது, அவன் ஹாஸ்டலுக்கு நேர் எதிரே இருந்தது. மூன்றாம் மாடியில் ஜன்னலோரக் கட்டில் ஒன்று மட்டும் காலி. அதில் உட்கார்ந்தால் அவன் துணி காயப்போடும் மொட்டைமாடி தெரியும். இப்போதைக்கு இது போதும் என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

வார்டனம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "நீங்க எங்க தங்கியிருக்கீங்க?"

"எதிர் ஹாஸ்டல்ல மேடம்."

"அப்படியா? அங்க வார்டன் எப்படி இருப்பார், சொல்லுங்க பார்ப்போம்."

சோதித்துப் பார்க்கிறார் என்று மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. "ஒல்லியா, உயரமா இருப்பார் மேடம். நாலு நாளா இருமிக்கிட்டே இருக்கார்."

"மருந்து சாப்பிடறாரா?"

"அது... கவனிக்கலை மேடம்."

"எதைத்தான் கவனிக்கறீங்களோ!" என்று எரிந்து விழுந்த வார்டனம்மா, ஆளுக்கொரு படிவத்தை நீட்டினார். தங்குபவருக்கு வெள்ளை, பாதுகாவலருக்கு மஞ்சள்.

"என்னங்க, பேனா வச்சிருக்கீங்களா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணனை 'என்னங்க'ன்னா கூப்பிடுவே?"

"எங்க வீட்ல மரியாதை கொஞ்சம் ஜாஸ்தி மேடம்" என்று மெக்கானிக் முந்திக்கொண்டான்.

எழுதிக் கொடுத்தார்கள். வார்டனம்மா இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தங்கச்சிக்கு அப்பா பேரு ஒண்ணு. அண்ணனுக்கு அப்பா பேரு வேற ஒண்ணு. இது எப்படி?"

"பெரியப்பா பையன் மேடம்" என்றாள் ஒருவழியாக.

"ஓஹோ. அப்போ தாத்தா ஒருத்தர்தானே? எங்கே, ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல தாத்தா பேரைச் சொல்லுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

அவன் சாமர்த்தியமாக அவளுடைய தாத்தா பேரைச் சொன்னான். அவளும் அதே சாமர்த்தியத்தோடு அவனுடைய தாத்தா பேரைச் சொன்னாள். விட்டுக்கொடுத்து வாழுங்கள் என்று பெரியவர்கள் வாழ்த்தியதை இருவரும் இப்படித்தான் காப்பாற்ற வேண்டுமா?

வார்டனம்மா பேனாவை மூடி வைத்தார்.

"மன்னிச்சுடுங்க மேடம்" என்றான் மெக்கானிக். "இவ என் சம்சாரம். பொய் சொன்னது தப்புதான். தினம் சாயங்காலம் மூஞ்சியையாவது பார்த்துக்கலாமேன்னுதான்..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

வார்டனம்மா எழுந்துபோய் வராந்தாவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். மஞ்சள் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"இந்தத் தடவையாவது ரெண்டு பேரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்துடுங்க. முதலாளிக்குத் தெரிஞ்சா முதல்ல என் வேலைதான் போகும்." மூன்றாம் மாடிச் சாவி மேஜைமேல் வந்து விழுந்தது.

இருவருக்கும் நம்பவே முடியவில்லை. "இந்த உதவியை உயிர் இருக்கிறவரைக்கும் மறக்க மாட்டோம் மேடம்" என்று அவள் தழுதழுத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை எங்க பார்த்துக்கறதா உத்தேசம்?"

"தெருக்கோடி பார்க்குல மேடம்."

"தாராளமா போங்க. ஆனா நாலு மணிக்குள்ள கிளம்பிடணும். அப்புறம் எதிர் ஹாஸ்டல் வார்டன் அங்க வந்துடுவார்."

அவள் பயந்துபோனாள். "ஐயோ, அவர் பார்த்தா முதலாளிகிட்ட போட்டுக் கொடுத்துடுவாரா மேடம்?"

வார்டனம்மா முகத்தில் முதல்முறையாக வெட்கம் தெரிந்தது.

"அவர் என் வீட்டுக்காரர்தாம்மா."