குசினி ரீவி

"அம்மான்ரை அறை ரீவி நேற்று ஏன் ஓடேல்லை, அப்பா?"

போனில் மகன் சுஜிதன் கேட்டதும் முருகேசு வாயில் வந்ததைச் சொன்னார்.

"தலையிடி எண்டு வெள்ளெனப் படுத்திட்டா, தம்பி."

"குசினி ரீவியும் ஓடேல்லை. சமைக்கேல்லையோ?"

"கடையிலை பாண் வாங்கினனான்."

பிரான்சில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் தெரிவது அவனே ஆள்பிடித்துச் செய்வித்த வேலையால்தான். வேலணை வீட்டு விறாந்தை அலுமாரிக்குள் ஒரு கொம்பியூட்டர். விறாந்தை, அறை, குசினி மூன்று ரீவிக்கும் அதிலிருந்தே படம் போகும். எந்த ரீவியில் எத்தனை மணிக்கு என்ன ஓடியது என்று அங்கே தன் போனிலேயே பார்த்துவிடுவான். முன்பு இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் முருகேசு. இப்போது வீட்டுக்குள் பொலிசைக் குடிவைத்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் அவர் பேசிக்கொண்டிருந்தது வீட்டிலிருந்து அல்ல, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஆட்கள் குந்தியிருக்கும் வாங்கிலிருந்து.

மனைவி இராசேஸ்வரி கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வந்து பன்னிரண்டு நாள். மகனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றைக்கே விமானம் ஏறுவான். விசா வழக்கு முடியுமுன் வந்தால் திரும்பிப் போக ஏலாது. ஆறு வருஷம் காத்துக் கிடந்தது வீணாகிவிடும். தாயின் குரலைக் கேட்டாலே பிடித்துவிடுவானென்று, தொண்டை கட்டிவிட்டது, கதைக்க ஏலாது என்று ஒரு பொய். பன்னிரண்டு நாளாகவோ தொண்டை கட்டும் என்று அவன் கேட்காதது முருகன் செயல் என்றே முருகேசு நினைத்திருந்தார்.

ஆனால் ரீவியை மட்டும் விடமாட்டான். முதல் இரண்டு நாளும் இந்த வாங்கிலேயே கிடந்தவரை அதுதான் கிளப்பியது. ஐந்து மணி பஸ் பிடித்து, பாலம் கடந்து, கால் முகம் கழுவி, இல்லாதவளின் அறையில் அவள் பார்க்கும் நாடகத்தைப் போடுவார். ஒருமுறை ஒரே பாகத்தை மூன்று நாள் போட்டுவிட்டார். அம்மாவுக்கு அது நல்லாய்ப் பிடிச்சிட்டுதோ என்று மகன் கேட்டான். வடிவாய் விளங்கவில்லையாம் என்று சமாளித்தார்.

அடுத்து குசினி. அம்மா புட்டவிக்கும்போது பாட்டுப் போடுகிறவ அல்லவா, ஏன் போடவில்லை என்றான். அதையும் போட்டார். பாட்டு ஓட, வெறுங்கையோடு நிற்பதும் ஒரு மாதிரி இருந்தது. உலையை வைத்தார், புட்டை அவித்தார், தின்றுவிட்டுப் படுத்தார்.

நேற்றுத்தான் தவறிப்போனது. இராசேஸ்வரிக்குக் காய்ச்சல். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

"இண்டைக்குக் கட்டாயம் போடச் சொல்லுங்கோ, அப்பா. அறையிலையும் குசினியிலையும்."

"ஓம் தம்பி, ஓம்."

போனை மடியில் செருகிக்கொண்டு, அவளுக்குத் தேத்தண்ணி வாங்கப் போனார். காய்ச்சல் விட்டிருந்தது. அவளைச் சமாதானப்படுத்திவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போயே ஆகவேண்டும். இன்றைக்கும் தவறினால் அவன் நிச்சயம் சந்தேகப்படுவான்.

திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. பக்கத்துக் கட்டில் மேரிஜோசப்பினின் போன் இராசேஸ்வரியின் காதில் இருப்பது திரை இடுக்கால் தெரிந்தது. தேத்தண்ணியோடு முருகேசு அப்படியே நின்றார்.

"வரமாட்டன் எண்டு முதல் நாளே எனக்குச் சத்தியம் பண்ணினனீ, மோனை. அதை மறந்திடாதை," அவள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாண் வாங்கினது பச்சைப் பொய். வெறும் வயித்தோடை வாங்கிலை கிடந்தவராம். உனக்குத் தெரியுமெண்டு காட்டிக்கொள்ளாதை. பின்னேரம் திருப்பியும் அவருக்குப் போன் எடுத்துக் குசினி ரீவியைக் கேள், அப்பத்தான் மனிசன் வீட்டை போய் உலை வைக்கும்."