பெயர் போடாத மனு

குரங்கணியில் தவசியின் ஏலக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் விடுதி எழும்பியது. அது யானைத்தடத்தை மறிக்கவே, யானைகள் பக்கத்துக் காட்டுக்காரன் ஈஸ்வரன் வீட்டுப் பக்கம் திரும்பின. பயந்து பயந்துதான் அவன் மொட்டை மனு போட்டான்.

அதிகாரிகள் வந்துபோன மறுநாள், தவசி கையில் அரிவாளோடு படியேறி வந்தார். ஈஸ்வரன் திண்ணையிலிருந்து எழுந்தான்.

"வந்தவங்க மனுவைக் காட்டுனாங்க மாப்ளே. உன் ஏலக்காய் மூட்டையில இருக்கிற அதே எழுத்து."

"நான் இல்ல மாமா..."

தவசி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார்.

"கலெக்டருக்கும் ஒண்ணு எழுது. எஞ்சொல்லை மீறிக் கட்டுறது எம்மவன். நான் எழுதுனா, கையெழுத்து அவனுக்குத் தெரிஞ்சிரும்."